ஏரி தெரியாத அறை

என் அக்கா நீவெஸ் ஐம்பத்தெட்டு வயதில் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பிரெஷா நகரில் பாதிப் பெண்களின் தலைமுடியை அவள்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்கியது போதும் என்று எங்களுக்கும் தோன்றியிருந்தது. மாப்பிள்ளை பெர்கமோக்காரர் என்று சொன்னபோதுதான் எங்கள் சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

பெர்கமோவுக்கும் பிரெஷாவுக்கும் நடுவே ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் இரண்டு ஊரும் பந்தாட்டத்திலிருந்து பாஸ்தா வரைக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. பூரணம் வைத்து மடிக்கும் கசோன்செல்லியை நாங்களும் செய்கிறோம், அவர்களும் செய்கிறார்கள். அவர்கள் அதற்குள் உலர்திராட்சையைப் போடுவார்கள். அதற்கு மேல் என்ன சொல்ல?

மாப்பிள்ளையின் பெயர் ஒரெஸ்தே. லிஃப்ட் பழுது பார்ப்பவர். அறுபத்தொரு வயதுவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதிகம் பேச மாட்டார், ஆனால் நன்றாக ஆடுவார். இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள பலாத்ஸோலோவில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஜோடி நடனம் நடக்கும். அங்கேதான் அக்காவும் அவரும் பழகினார்கள். முதல் மூன்று வாரம் ஊர் பேரையே கேட்டுக்கொள்ளவில்லையாம். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

கல்யாணம் செப்டம்பரில் என்று முடிவானது. அதற்கு முன் ஆகஸ்டில் ஒரு வாரம் ஏரிக்கரையில் போய் இருக்கலாம் என்று இருவரும் நினைத்தார்கள். ஜூலையில் எங்கள் வீட்டு விருந்தில் அக்கா அதைச் சொன்னாள்.

"ஈசேயோ ஏரிக்குப் போறோம்."

"எந்தக் கரை?" என்று கேட்டார் பத்தீஸ்தா.

பத்தீஸ்தா ஒரெஸ்தேயின் அண்ணன். பெர்கமோ மேல்நகரத்துக்கு ஏறும் விஞ்ச் வண்டியை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கனத்த குரல். ஈசேயோ ஏரியின் மேற்குக் கரை பெர்கமோ மாவட்டம், கிழக்குக் கரை எங்கள் மாவட்டம் என்பதால் அந்தக் கேள்வியை யாராவது கேட்டுத்தான் ஆகவேண்டும். பதில் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

"எங்க கரைதான். வேற என்ன? சாயங்காலம் முழுக்க வெயில் இருக்கும். உங்க பக்கம் நாலு மணிக்கே மலை நிழல் விழுந்து துண்டுகூட காயாது."

"காலையில வெயில் எங்க பக்கம்தானம்மா வரும். கண்ண முழிச்சா தண்ணி தகதகன்னு மின்னும். உங்காளுங்க பத்து மணி வரைக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"லீவுல பத்து மணிக்கு முன்னாடி யாரு எழுந்திருக்கிறா?"

"உழைச்சுப் பழகினவங்க எழுந்திருப்பாங்க."

"எங்க பக்கம் ரயில் இருக்கு. பிரெஷாவுல ஏறினா ஏரிக்கரையிலயே இறங்கலாம். உங்க பக்கம் ஒரு புறம் பாறை, ஒரு புறம் தண்ணி, நடுவுல லாரி."

"ரயில் இருக்குன்னு சொல்றீங்க. அது கட்டிலுக்கு அடியிலயே ஓடுதுங்கிறதையும் சொல்லுங்க."

எங்கள் சித்தப்பா தன் பங்குக்கு மீனைப் பற்றி ஆரம்பித்தார். பத்தீஸ்தாவின் மனைவி மாதாகோயில் மணியைப் பற்றி ஏதோ சொன்னார். பேச்சு எப்படியோ கசோன்செல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் அக்கா, "எங்களுக்கு ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கிட்டத்துல குளிக்க இடம். அது போதும்" என்று சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அது காதில் விழுந்ததா என்று எனக்கே தெரியாது. ஒரெஸ்தே தன் தட்டைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே நான் கிழக்குக் கரையில் சாலே என்ற ஊரில் ஒரு விடுதியில் அறை பிடித்தேன். பால்கனி, பூத்தொட்டிகள், பால்கனியிலிருந்து இறங்கினால் ஏரி. பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள் அங்கே தங்கிவிட்டு வந்து ஒரு மாதம் அதைப் பற்றியே பேசியிருந்தாள். என் கல்யாணப் பரிசு என்று சொல்லி முழு வாரத்துக்கும் பதிவு செய்தேன். அக்காவிடம் சொல்ல ஃபோன் செய்தால், அவள் பெருமூச்சு விட்டாள்.

"பத்தீஸ்தாவும் எடுத்திருக்காருடி. தாவெர்னொலாவுல. அவரும் கல்யாணப் பரிசாம்."

"அத வேணாம்னு சொல்லிடு."

"அவரும் இதைத்தான் சொல்றாரு. உன்னோடதை வேணாம்னு சொல்லச் சொல்றாரு."

"அக்கா, என் அறையில பால்கனி இருக்கு."

"அவர் அறையில ரெண்டு பால்கனியாம்."

பிறகு அக்கா ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "சரி. யாரு மனசும் நோக வேணாம். அவர் அவங்க அண்ணன் எடுத்த அறையில இருக்கட்டும். நான் நீ எடுத்ததுல இருக்கேன். பகல்ல படகேறி எங்கயாவது சந்திச்சுக்குறோம்."

அவள் கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அந்த நிதானம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாப்பிள்ளை ஒரு கரையில், பெண் ஒரு கரையில். சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும், "அந்த ஏரி ரொம்ப ஆழம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்டில் அவர்கள் கிளம்பினார்கள். அக்காவிடமிருந்து தினமும் ஒரு வரி வந்தது. 'நல்லா இருக்கேன்.' மறுநாள், 'தண்ணி ஜில்லுனு இருக்கு.' பால்கனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூத்தொட்டியைப் பற்றி இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பதினைந்தாம் தேதி நாடு முழுக்கப் பண்டிகை விடுமுறை. பை நிறைய பீச் பழம் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

சாலே விடுதியின் முதலாளியம்மா என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உங்க அக்காவா? வந்தாங்களே. முதல் நாள் சாவி வாங்கிட்டு, பெட்டிய வச்சிட்டு வெளிய போனாங்க. மறுநாள் வந்து பெட்டிய எடுத்துக்கிட்டாங்க. அறை வேணுமான்னு கேட்டேன், இருக்கட்டும்னு சொன்னாங்க. நாங்க தினம் ஜன்னலைத் திறந்து மூடுறோம். கட்டில் விரிப்பு மடிப்புக்கூட கலையல."

மேலே போய்ப் பார்த்தேன். தலையணையில் வைத்த மிட்டாய்கூட அப்படியே இருந்தது. அக்காவை அழைத்தால் ஃபோன் அணைந்திருந்தது. ஒரெஸ்தே எடுக்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் பத்தீஸ்தாவை அழைத்தேன்.

"உங்க தம்பி எங்க?" என்றேன்.

"நான் தாவெர்னொலாவுலதான் நிக்கிறேன்" என்றார். அந்தக் கனத்த குரல் இப்போது சிறுத்திருந்தது. "பண்டிகைக்குப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அவன் இங்க ஒரு ராத்திரிகூட தங்கலையாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"அக்காவும் இங்க இல்ல."

"சண்டை போட்டுக்கிட்டுப் பிரிஞ்சு போயிட்டாங்களோ?"

"சண்டை போட்டது நீங்களும் நானும்தான்."

அடுத்த படகிலேயே பத்தீஸ்தா சாலேவுக்கு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, தலையில் வைக்கோல் தொப்பி. எங்கள் கரையில் கால் வைத்ததும் ஒரு முறை சுற்றும் முற்றும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவனிடம் விசாரித்தோம். முடிக்குச் செம்பு நிறம் போட்ட குள்ளமான அம்மா, கூட ஒரு நெட்டையான மனுஷர் என்று அடையாளம் சொன்னோம்.

"இன்னைக்குப் பண்டிகை" என்றான் அவன். "காலையிலேர்ந்து ஆயிரம் பேரு ஏறியாச்சு. பாதிப் பேரு குள்ளம், பாதிப் பேரு நெட்டை."

எதற்கும் படகில் ஏறினோம். அது ஏரியைச் சுற்றி ஒவ்வொரு ஊராக நிற்கும் படகு. எங்காவது கரையில் அந்தச் செம்பு முடி தெரியாதா என்று நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"நீங்க எடுத்த அறையைப் பாத்துப் பயந்துதான் உங்கக்கா ஓடியிருப்பாங்க" என்றார் பத்தீஸ்தா.

"என் அறையிலயாவது பெட்டிய வச்சாங்க. உங்க தம்பி பெட்டியாவது வச்சாரா?"

"வச்சான். எடுத்துட்டான்."

"அப்ப சரிக்குச் சரி."

அவர் முகம் வாடியிருந்தது. நான் பையைத் திறந்து ஒரு பீச் பழத்தை நீட்டினேன். மறுக்காமல் வாங்கினார். அதை முடித்துவிட்டு இன்னொன்று எடுத்தார்.

"எங்கம்மா போனப்போ அவனுக்கு ஏழு வயசு" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "நான்தான் வளர்த்தேன்னு வைங்க. எதுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். அவன் ரிப்பேர் பண்ற லிஃப்ட் மாதிரியேதான். யாரு பட்டன அழுத்தினாலும் வந்து நிப்பான். அதனால நானே அழுத்திக்கிட்டிருந்துட்டேன் போல."

"எங்கக்கா அப்படியில்ல" என்றேன். "அவ மாட்டேன்னு சொல்வா. நமக்குத்தான் கேக்காது."

எதிர் இருக்கையில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சீட்டு வாங்கிய இடத்திலிருந்தே எங்கள் பேச்சை ஒளிவுமறைவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது முன்னால் சாய்ந்தார்.

"செம்பு முடியா? கூட வர்றவரு காலத் தூக்கி வைக்கிறப்ப அளந்து அளந்து வைப்பாரா?"

"ஆமா" என்றோம் இருவரும்.

"தினம் சாயங்காலம் எங்க ஊர்த் துறையில ஆடுறாங்களே, அவங்கதான். பாட்டுகூட இல்லாம ஆடுவாங்க. அவரே வாயால முணுமுணுத்துக்குவாரு. என்கூட இறங்குங்க."

அவர் ஊர் கர்சானோ. ஏரி நடுவிலுள்ள தீவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். இறங்கியதும் அவர்கள் தங்கியிருந்த வலதுபுறச் சந்துப் பாதையைக் காட்டிவிட்டு அவர் தன் வழியே போனார். சந்து மேலே ஏறியது. ஒரு வேலிக்குப் பின்னால் கொடியில் அக்காவின் பச்சை நீச்சலுடை தொங்குவதை முதலில் பார்த்தது பத்தீஸ்தாதான். அது யாருடையது என்று தெரியாமலேயே, "இது மாதிரி ஒண்ணு என் மனைவிகிட்டயும் இருக்கு" என்றார்.

வேலிக்குள் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அத்திமரத்தடியில் நாற்காலி போட்டு எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் தலை நிறைய முடியைச் சுற்றும் பிளாஸ்டிக் சுருள்களோடு உட்கார்ந்திருந்தார். அக்கா வாயில் கொண்டை ஊசிகளைக் கவ்விக்கொண்டு கடைசிச் சுருளை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரெஸ்தே பனியனோடு அடுப்புக்கரி மேல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்து யாரும் திடுக்கிடவில்லை. அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அஸ்ஸுந்தா, இன்னும் ரெண்டு தட்டு வேணும்" என்றாள் அந்த வீட்டுக்கார அம்மாளிடம். பிறகு என்னிடம், "நேத்தே வருவீங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் தாங்கிட்டீங்களே, பரவால்ல."

"ஃபோனை ஏன்க்கா அணைச்சு வச்ச? செத்துப் பொழைச்சேன்."

"சார்ஜர் சாலேயில இருக்கு. போய் எடுக்கச் சோம்பேறித்தனம்."

பத்தீஸ்தா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "அறையைக் காட்டுடா" என்றார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலும்.

மாடியில் ஒரே அறை. பெரிய மரக்கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஆணி, ஆணியில் அக்காவின் தொப்பி. பத்தீஸ்தா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். கீழே கோழிக்கூண்டு, எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், சுவரில் ஒரு பூனை. இடுப்புவரை வெளியே சாய்ந்து இடமும் வலமும் பார்த்தார்.

"ஏரி எங்கடா?"

"பின்னால இருக்குண்ணா."

"எதுக்குப் பின்னால?"

"வீட்டுக்கு."

பத்தீஸ்தா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஏரிக்கு வந்து ஏரி தெரியாத அறையை எடுத்திருக்கியா நீ?"

"இறங்கி நடந்தா ஏரி வந்துரும்ணா" என்றார் ஒரெஸ்தே. "ராத்திரி கண்ண மூடிக்கிட்டுத்தான தூங்குறோம்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சாப்பிடும்போது அக்கா நடந்ததைச் சொன்னாள். முதல் நாள் ஆளுக்கொரு கரையில் பெட்டியை வைத்துவிட்டு, காபி குடிக்க இந்தத் துறையில் சந்தித்திருக்கிறார்கள். சந்தில் நடந்தபோது அஸ்ஸுந்தா மேலும் கீழும் ஓடும் மாடி ஜன்னல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இறங்கமாட்டேன் என்று நின்றிருந்தது அது. ஏறவோ இறங்கவோ மறுக்கும் எதையும் ஒரெஸ்தேயால் பார்த்துக்கொண்டு போக முடியாது. மேலே போய் அதைக் கழற்றினார்.

"நான் சும்மா கட்டில் ஓரத்துல உக்காந்தேன்டி. அப்புறம் சாய்ஞ்சேன். எழுந்திருக்கும்போது பொழுது சாய்ஞ்சிருச்சு. இவரு அந்த நாற்காலியில வாயத் திறந்துட்டுத் தூங்கிக்கிட்டிருக்காரு, மடியில ஸ்குரூ டிரைவர்." அக்கா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு போனதிலேர்ந்து நான் பகல்ல தூங்கினதே இல்ல. ராத்திரியே சரியாத் தூங்கினதில்ல. அதான், இங்கயே இருக்கலாமான்னு கேட்டேன். அஸ்ஸுந்தா இருந்துக்கங்கன்னாங்க. எந்த ஊருன்னுகூட கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னேனே. ஜூலையிலயே சொன்னேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல்னு. நீ அப்போ உலர்திராட்சையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்த."

நான் தட்டிலிருந்த பொலெந்தாச் சோளக்கூழைக் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்கு உதவிக்கு வருவதுபோல பத்தீஸ்தா தொண்டையைக் கனைத்தார்.

"இருந்தாலும் ஒரு விஷயம் சொல்லணும். இந்தத் தீவு யாரு மாவட்டம்? பிரெஷா மாவட்டம்தான? கடைசியில இவங்க ஆசைதான நடந்திருக்கு?"

அஸ்ஸுந்தா சுருள்கள் ஆட அவர் பக்கம் திரும்பினார். "இங்க பாருங்க ஐயா. நாங்க தீவுக்காரங்க. ரெண்டு கரையிலேர்ந்து வர்றவங்களும் எங்களுக்கு வெளியூருதான். இன்னும் கொஞ்சம் மீன் வைக்கவா?"

"வைங்க" என்றார் பத்தீஸ்தா.

பிற்பகலில் அக்காவும் ஒரெஸ்தேயும் குளித்தார்கள், நாங்கள் காலை மட்டும் நனைத்துக்கொண்டோம். அஸ்ஸுந்தாவின் சுருள்களை அவிழ்த்து அக்கா சீவி முடித்தபோது அவர் பத்து வயது குறைந்து தெரிந்தார். அன்றைக்கு மாதா விண்ணேறிய பண்டிகை, அவர் பெயருக்குரிய நாள் வேறு. ஊரில் பாதிப் பேர் வந்து வாழ்த்திவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெயில் தணிந்ததும் துறைக்குப் போனோம். யாரோ அக்கார்டியன் கொண்டுவந்திருந்தார்கள். அக்காவும் ஒரெஸ்தேயும் ஆடினார்கள். அவர் அவளைச் சுழற்றிவிட்டு, வரும்வரை கையை நீட்டிக்கொண்டு காத்திருந்த விதத்தைப் பார்த்தபோது, இந்த மனுஷருக்கு மேற்கு என்ன, கிழக்கு என்ன என்று எனக்குத் தோன்றியது. பத்தீஸ்தாவும் என்னை ஆடக் கூப்பிட்டார். விஞ்ச் வண்டி மாதிரியே ஆடினார். நேராக மேலே, நேராகக் கீழே.

ஊருக்குத் திரும்பப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா இரண்டு சாவிகளோடு வந்தாள். சாலே சாவியைப் பத்தீஸ்தா கையிலும் தாவெர்னொலா சாவியை என் கையிலும் வைத்தாள்.

"ரெண்டு அறையும் சும்மா கிடக்கு. இன்னைக்கு ராத்திரி தங்கிட்டுப் போங்க."

"மாத்திக் குடுத்திருக்கக்கா."

"மாத்தியெல்லாம் இல்ல. சரியாத்தான் குடுத்திருக்கேன்."

"மாத்துத்துணி கொண்டு வரலையே" என்றார் பத்தீஸ்தா.

ஒரெஸ்தே தன் சட்டை ஒன்றை மடித்து அண்ணன் கக்கத்தில் செருகினார். "ஃபியோரெல்லா, அந்தப் படகு தாவெர்னொலாவுக்குப் போகுது. கிளம்பிடப் போகுது, ஏறுங்க" என்று என்னிடம் சொன்னார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் படகில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்த்திசையில் போகும் படகிலிருந்து பத்தீஸ்தா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். விடைபெறுகிறாரா, உதவிக்குக் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

காலையில் முகத்தில் வெயில் அடித்து எழுந்தேன். திரைச்சீலையை மூட மறந்திருந்தேன். இரண்டு பால்கனி என்று சொன்னது பொய் இல்லை. பெரிய பால்கனிக்குப் போய் நின்றேன். எதிரே தீவுக்கு இரு புறமும் எங்கள் கரை நீண்டு தெரிந்தது. ஊர்கள், அவற்றுக்கு மேல் ஆலிவ் தோப்புகள், மலை, மலைக்கு மேலே சூரியன். சின்ன வயதிலிருந்து அங்கே எத்தனை முறை குளித்திருப்பேன். அது இவ்வளவு அழகான கரை என்று அங்கே நிற்கும்போது தெரிந்ததே இல்லை.

காபி வந்தபோது பத்தீஸ்தா அழைத்தார்.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"ம். இங்க பூத்தொட்டியெல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு. தண்ணி ஊத்திட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "இந்த விடுதியம்மா மதியம் அடுப்புல சுட்ட மீன் வைக்கிறாங்களாம். இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்றாங்க."

"இருங்க. நல்லா இருக்கும்."

"அது சரி. நீங்க தீவுக்குப் போறீங்களா? அவங்களைப் பாக்க?"

தீவு என் கண்ணெதிரேதான் இருந்தது. கர்சானோ அதன் மறுபக்கம். இங்கிருந்து தெரியாது.

"இல்ல" என்றேன். "அவங்களை விட்டுடலாம்."

"நானும் அதான் நினைச்சேன்" என்றார்.

நான் கீழே இறங்கி, வாசலில் இருந்த பெண்ணிடம் இந்த அறையை ஞாயிறு வரை நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றாள். நீச்சலுடை கொண்டுவரவில்லையே என்றபோது, தன் அக்காவுடையதை எடுத்துக்கொடுத்தாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது. இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.